எம்ஜிபி ரோட்ஸ்டருக்குத் தோல் இருக்கை: எங்கே தோல், எங்கே ரெக்சின், எதிலிருந்து தொடங்குவது

பர்மிங்காமில் 1966-ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த, இரண்டு இருக்கை கொண்ட திறந்த கார்) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இருக்கைத் தோல் வெடித்துவிட்டது, உட்கார்ந்து எழுந்தால் அடியில் பழுப்புப் பொடி கொட்டுகிறது. இருக்கை, கதவு, டாஷ்போர்டு எல்லாவற்றையும் புதுத் தோலால் போர்த்திவிடலாமா, ஆயத்த உறை வாங்கி நீங்களே மாட்டலாமா, தைப்பவரிடம் கொடுத்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் இருக்கைகளின் முகப்புக்கு மட்டும் போதும். மற்ற இடங்களில் ரெக்சினே இருக்கட்டும். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு தோலுக்கு அடியில் இருப்பதற்குப் போக வேண்டும்.

எம்ஜிபி 1962-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தொடங்கி 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். அறுபதுகளில் வந்த வண்டிகளில் நாம் உட்காரும் பரப்பும் சாயும் பரப்பும் தோல். இருக்கையின் பக்கங்கள், பின்புறம், கதவுப் பலகைகள் எல்லாம் ரெக்சின். இரண்டும் சேரும் விளிம்பில் பைப்பிங், அதாவது கயிறு போலப் புடைத்து நிற்கும் தையல் ஓரம், ஓடும். எழுபதாம் ஆண்டு மாடலுக்கு வரும்போது இருக்கைகளும் முழுக்க ரெக்சினுக்கு மாறிவிட்டன. ஆகவே உங்கள் கார் எந்த நாளிலும் முழுத்தோல் காராக இருந்ததில்லை. அதைவிட விலை கூடிய ஜாகுவார் இ-டைப்பிலும் தோல் முக்கியமாக இருக்கை முகப்பில்தான் இருந்தது. இதில் சிக்கனம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்து பார்த்தவர்களுக்கு, எந்தெந்த இடத்தில் தோல் நிலைக்காதோ அங்கெல்லாம் ஆலை ரெக்சினைப் போட்டிருப்பது கண்ணில் படும்.

கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஒட்டி இறங்கும் மழைநீர் கதவின் உள்ளே போய் அடித்துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே ஏற்பாடு. அந்த ஈரம் கதவுப் பலகையின் பின்புறத்தில் படும். பலகை அழுத்திய அட்டை; ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் நெளியும். அதன்மேல் தோலை ஒட்டினால் தோலும் கூடவே இழுபட்டு, ஓரங்களில் கழன்று, மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். ரெக்சின் இதைத் தாங்கும். பலகையைப் புதிதாக மாற்றும்போது கதவின் உள்துளைகளைக் கனமான பாலித்தீன் தாளால் மூடி, தாளின் அடிநுனியைக் கதவுக்குள் செருகிவிடுங்கள். நீர் தாளில் வழிந்து உள்ளேயே இறங்கிவிடும். புதுப் பலகையின் பின்புறத்துக்கும் வெட்டு ஓரங்களுக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.

டாஷ்போர்டைத் தொடவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆண்டு வண்டியில் அது இரும்புத் தகடு. சுருக்கம் விழுந்தது போன்ற கரடுமுரடான கறுப்புப் பூச்சு கொண்டது. அந்தக் காலத்து எம்ஜிபியின் முகமே அதுதான். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் 1968 மாடல் முதல் பாதுகாப்பு விதிகளுக்காக மெத்தென்ற தடித்த டாஷ்போர்டு வைத்தார்கள். ‘ஆபிங்டன் தலையணை’ என்று ரசிகர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். உங்கள் வண்டியில் இருக்கும் இரும்பு முகப்புக்காக ஏங்குகிறவர்கள் பலர். அதன்மேல் தோல் ஒட்டினால், திறந்த காரில் நேரடி வெயில் பட்டுச் சுருங்கி, மீட்டர்களைச் சுற்றி இழுத்துக்கொண்டு நிற்கும். பூச்சு உரிந்திருந்தால் அதே வகைப் பூச்சை மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இனி இருக்கை. புதுத் தோல் வாங்குமுன் பழையதை நன்றாகப் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தோல் அசிங்கமாகத் தெரிவதாலேயே அது செத்துவிட்டது என்று பொருளில்லை. மேலே இருக்கும் நிறப்பூச்சில் மட்டும் மெல்லிய வெடிப்புகள், தோல் மடக்கினால் மடங்குகிறது, தையல் மட்டும் விட்டிருக்கிறது என்றால் அதைக் காப்பாற்றலாம். பழைய காரில் பருத்தி நூல் இற்றுப்போவது தோல் இற்றுப்போவதற்கு முன்பே நடக்கும். அதே துளைகளின் வழியே புது நூல் ஓட்டி, சுத்தம் செய்து, நிறம் ஏற்றினால், புதுத் தோல் ஒருபோதும் தர முடியாத ஒரு தோற்றம் கிடைக்கும். விரலால் மடக்கும்போது அட்டை போல முறிந்தாலோ, பின்புறத்தைத் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தாலோ, தையல் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தாலோ விட்டுவிட வேண்டியதுதான். இழை முறிந்த தோலை எந்த எண்ணெயும் மீட்காது. எண்ணெய் தடவத் தடவக் கனமாகி, கறுத்து, இன்னும் விரைவாகக் கிழியும். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தவரையில் ஓட்டுநர் பக்க இருக்கை முடிந்துவிட்டது. பயணியர் பக்கம் நன்றாகவே இருக்கிறது. அந்த நல்ல இருக்கைதான் உங்களுக்குப் பெரிய சொத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இருக்கைகளைக் கழற்றியதும் தரையைப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தரையும் கதவுக்கடியில் ஓடும் சில்களும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. இருக்கைத் தண்டவாளங்களுக்குக் கீழே மரச்சட்டங்கள் இருக்கும். அவை ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு தரைத்தகட்டை மெல்லத் தின்னும். போல்ட்டுகள் பிடிக்கும் நட்டுகள் தரையோடு பற்றவைக்கப்பட்டவை. துருப்பிடித்தால் போல்ட்டோடு சேர்ந்து சுழலும். அந்த இடத்தில் இருக்கையைப் பிடித்து நிற்பது வேறொன்றும் இல்லை, ஆகவே இது உயிர் சம்பந்தப்பட்டது. வெல்டிங் வேண்டியிருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். வெல்டிங், பெயின்ட், வயரிங், அதன்பின் தரைவிரிப்பு, கடைசியில் இருக்கை என்ற வரிசையை மாற்றாதீர்கள். புதுத் தோல் போட்ட பிறகு சில்லில் ஓட்டை கண்டுபிடித்து, வெல்டிங் பொறி பட்டு இருக்கை பொத்தலான கார்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது. இருக்கைக்கு வடிவம் கொடுப்பது தோல் அல்ல, உள்ளே இருக்கும் ஃபோம். கொட்டுகிற பழுப்புப் பொடி பழைய ரப்பர் ஃபோம். காற்றும் வெப்பமும் பட்டு அது நொறுங்கிவிட்டது. அதற்குக் கீழே இரும்புச் சட்டத்தில் கொக்கிகளால் மாட்டிய ரப்பர் விரிப்போ ரப்பர் பட்டைகளோ இருக்கும். அவை தொய்ந்திருந்தால் மேலே எவ்வளவு நல்ல ஃபோம் வைத்தாலும் நடுவில் குழி விழும். குழி விழுந்தால் தோல் நீளும். நீண்ட தோல் திரும்பாது. எனவே விரிப்பை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். சட்டத்தை முழுவதும் சுரண்டி, குழாய்களின் வளைவுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பெயின்ட் அடித்துவிடுங்கள். கொக்கியின் கூர்முனை எதுவும் ஃபோமை நோக்கி நிற்கக் கூடாது.

ஃபோம் வாங்கும்போது அடர்த்தியும் கடினமும் வேறுவேறு என்பதை மனத்தில் வையுங்கள். அடர்த்தி குறைந்த ஃபோம் கடினமாகவும் இருக்கலாம். கடையில் அழுத்திப் பார்த்தால் திடமாகத் தெரியும், இரண்டு கோடையில் அமுங்கிவிடும். எம்ஜிபிக்கென்று வார்த்த ஃபோம்கள் கிடைக்கின்றன. பலரும் சொல்லும் குறை, அவற்றில் சில அசலைவிட உயரமாகவும் விறைப்பாகவும் இருக்கின்றன என்பது. உட்கார்ந்தால் ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும், பார்வை முன்கண்ணாடியின் மேற்சட்டத்துக்கு நேராகப் போய்விடும். எனவே ஃபோமை முதலில் சட்டத்தில் வைத்து, உறை இல்லாமலேயே காரில் பொருத்தி, உட்கார்ந்து பாருங்கள். உயரமாக இருந்தால் அடியிலிருந்து சீவுங்கள், மேலிருந்து அல்ல. மேற்புறத்தின் வளைவுதான் இருக்கையின் உருவம்.

தோலுக்கு வருவோம். பழைய பிரிட்டிஷ் கார் என்றதும் கானலி என்ற பெயரைச் சொல்வார்கள். 1878-இல் தொடங்கிய அந்தக் குடும்ப நிறுவனம்தான் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின் கார்களுக்குத் தோல் கொடுத்தது. அதன் தோல் ஆலை 2002-இல் மூடப்பட்டுவிட்டது. எனவே பெயரைத் துரத்தாமல் தோலைப் பாருங்கள். கார் இருக்கைக்கென்று குரோம் முறையில் பதனிட்ட, 1 முதல் 1.3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மாட்டுத்தோல் வேண்டும். அதைவிடத் தடித்தால் பைப்பிங்கும் மூலைகளும் திரளும். மெலிந்தால் தையலில் கிழியும். மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, அச்சு வைத்துப் பொய்யான ரேகை உண்டாக்கிய தோல் மலிவு. ஆனால் அறுபதுகளின் காரில் அது அந்நியமாக நிற்கும். இயல்பான ரேகை உள்ள மேல்தோலைக் கேளுங்கள். அதில் கம்பி கீறிய தழும்போ பூச்சிக்கடியோ ஒன்றிரண்டு இருந்தால் ஒதுக்காதீர்கள், மறைவான இடத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உறவினர் இருந்தால், அங்கிருந்தே தோல் வரவழைக்கலாமே என்ற எண்ணம் நம்மவர்களுக்கு எழும். அங்குள்ள பதனிடும் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அங்கே செய்யப்படுவதில் பெரும்பகுதி காலணிக்கும் பைக்கும் ஆடைக்குமான தோல். கார்த் தோலின் மேற்பூச்சு வேறு: வெயிலில் வெளுக்கக் கூடாது, ஈரமான உடையில் உரசினால் நிறம் இறங்கக் கூடாது. அதோடு நம் நாட்டு மாடுகளின் தோல் ஐரோப்பியக் காளைகளின் தோலைவிடச் சிறியது. ஒரு பெரிய ஐரோப்பியத் தோல் 50 சதுர அடியைத் தொடும். இருக்கையின் நீண்ட துண்டுகளை ஒட்டுப்போடாமல் வெட்ட அந்த அகலம் உதவும். முகப்பு மட்டும் என்றால் உங்கள் இரண்டு இருக்கைகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய தோல் போதும். ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால் ஒரே சாயத் தொகுதியிலிருந்து, ஒரே நாளில் வாங்குங்கள்.

தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. ரவிக்கை தைப்பவர் துணியின் நேர்நூல் பார்த்து வெட்டுவது போலத் தோலுக்கும் போக்கு உண்டு. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது, குறைவாக நீளும். வயிற்றுப் பகுதியும் கால் இடுக்கும் தளர்ந்தவை. உட்காரும் பரப்பையும் முதுகு சாயும் பரப்பையும் முதுகுப் பகுதியிலிருந்தே வெட்ட வேண்டும். இடது இருக்கைக்கும் வலது இருக்கைக்குமான ஒரே மாதிரித் துண்டுகளை முதுகுக்கோட்டின் இருபுறமும் எதிரெதிராக எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல் பழகும். வயிற்றுப் பகுதியிலிருந்து பைப்பிங்குக்குக் கூட எடுக்க வேண்டாம், நீண்டு மெலிந்துவிடும். சிக்கனம் பார்த்து வெட்டும் இடம் இதுவல்ல. கால் பங்கு தோல் கழிவாகப் போகும் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இருக்கையின் அடிமடிப்பைப் பிரித்துப் பாருங்கள். தையலுக்குள் மடங்கியிருந்த விளிம்பில் வெயில் பட்டிருக்காது. ஆலையில் இருந்த நிறம் அங்கே அப்படியே இருக்கும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், பழைய உற்பத்திப் பேரேடுகளைப் பார்த்து, உங்கள் வண்டி எந்த வெளிநிறத்திலும் எந்த உள்நிறத்திலும் ஆலையை விட்டுப் போனது என்று சான்றிதழ் தருகிறது. கட்டணம் உண்டு, ஆனால் வேலை தொடங்குமுன் வாங்கத் தகுந்தது. தோல் மாதிரியையும் ரெக்சின் மாதிரியையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் பொருந்தினாலும் பளபளப்பு பொருந்தாமல் போகும். அதுதான் கண்ணை உறுத்தும்.

இப்போது பயணியர் இருக்கை. மாதிரி வடிவத்தை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அது குறைவாக நீண்டிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் தோலைப் பிரித்து அப்படியே தாளில் வரைந்தால், ஐம்பது ஆண்டு உட்கார்ந்த தொய்வும் புது உறைக்குள் வந்துவிடும். பிரிக்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு தையலின் குறுக்கேயும் வெள்ளைப் பேனாவால் சிறு கோடுகள் போடுங்கள். பிரித்த பிறகு இரண்டு துண்டுகளும் எந்த இடத்தில் சேர்ந்தன என்பதை அவை சொல்லும். கத்தரிக்காமல் தையலை மட்டும் பிரியுங்கள். நடுக்கோடு போட்டு, ஒரு பாதியை மட்டும் வரைந்து, மடித்து மறுபாதியை எடுத்தால் சமச்சீர் கிடைக்கும். பிறகு மலிவான காடாத் துணியில் ஒரு உறை தைத்து, புது ஃபோமின்மேல் போட்டுப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்ட எல்லோருக்கும் ஆசை வரும். தாண்டாதீர்கள்.

இருக்கையின் நடுவில் ஓடும் தையல் வரிகளில் ஒரு நுட்பம் உண்டு. தோல், மெல்லிய ஃபோம், பின்துணி மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைக்கும்போது ஒவ்வொரு வரியும் மேடாக எழுந்து அகலத்தைத் தின்னும். முதலில் துண்டை வெட்டிவிட்டு வரி தைத்தால் கடைசியில் அளவு பற்றாது. எனவே வேண்டியதைவிட அகலமான துண்டில் வரிகளை முடித்துவிட்டு, அதன்பின் மாதிரியை வைத்து வெட்ட வேண்டும். வரிகளுக்கு இடையிலான தூரத்தைப் பழையதிலிருந்து அளந்து எடுங்கள். நூல் மேலே தெரிகிறதா, மடிப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறதா என்பதையும் கவனித்து அப்படியே செய்யுங்கள். வண்டியைத் தெரிந்தவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இந்த வரிகளைத்தான்.

வீட்டுத் தையல் இயந்திரம் இதற்கு ஆகாது. ஊசியும் மேல்பாதமும் கீழ்ப்பற்களும் ஒன்றாக நகர்ந்து தோலை இழுத்துச்செல்லும் இயந்திரம் வேண்டும். சிங்கர் 111, பாஃப் 545 போன்ற பழையவை இன்றும் பட்டறைகளில் உழைக்கின்றன. திறந்த காருக்கு நைலானைவிட பாலியெஸ்டர் நூல் நல்லது, வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். தையல் நீளம் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பது துணிக்குச் சரியாக இருக்கலாம். தோலில் ஒவ்வொரு துளையும் ஒரு வெட்டு, நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி கிழிய வழிவிடும். பைப்பிங் சேரும் முனைகளில் தோலின் பின்புறத்தைச் சீவி மெலிதாக்காவிட்டால் அங்கே முடிச்சு போல எழும்பி, அதுதான் முதலில் தேயும்.

மாட்டும் வேலைக்குக் கதகதப்பான அறை வேண்டும். குளிர்ந்த தோல் இழுபடாது. ஃபோமின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி உறையை வழுக்கவிட்டு, இடம் சேர்ந்ததும் தாளை உருவிவிடுங்கள். நடுக்கோட்டைப் பொருத்தி, முன்னும் பின்னும் இழுத்து, பிறகு பக்கங்களுக்குப் போங்கள். ஒரு மூலையை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் வரிகள் கோணும். எஞ்சும் சிறு சுருக்கங்களுக்கு ஆவி காட்டிக் கையால் தடவினால் பெரும்பாலும் அடங்கும். எல்லாச் சுருக்கத்தையும் ஒழிக்க முயலாதீர்கள். ஆலையிலிருந்து வந்த புதிய எம்ஜிபியிலும் மூலைகளில் மெல்லிய மடிப்புகள் இருந்தன. முரசு போல இறுக்கிய இருக்கை நவீன சோபாவாகத் தெரியும், முதல் கோடையிலேயே தையல்களைச் சோதிக்கும்.

ஆயத்த உறையா, தைப்பவரா? எம்ஜிபிக்கு உதிரிபாகங்கள் மிகத் தாராளமாகக் கிடைப்பதால், முகப்பில் தோலும் பக்கங்களில் ரெக்சினுமாக ஆண்டுவாரியாகத் தைத்த உறைகளை வாங்க முடியும். பொறுமை இருந்து, மேலே சொன்ன இயந்திரம் இல்லையென்றால், இதுவே உங்களுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. சட்டம், ரப்பர் விரிப்பு, ஃபோம், மாட்டுதல் நான்கையும் நீங்களே செய்யலாம், தையல் மட்டும் அவர்களுடையது. வாங்குமுன் தோல் மாதிரி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் துண்டுகள் தோல், எந்தத் துண்டுகள் ரெக்சின் என்று எழுத்தில் கேளுங்கள். இ-டைப், ஆஸ்டின்-ஹீலி போன்ற கார் என்றாலோ, முன்பு யாரோ உருமாற்றிய இருக்கை என்றாலோ தைப்பவரிடம் போகச் சொல்வேன். அப்படிப் போனால் முடிந்த வேலையைவிடப் பாதியில் நிற்கும் வேலையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பழைய உறைகளைத் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். தர மறுப்பவரிடம் உங்கள் அசல் மாதிரியை ஒப்படைக்காதீர்கள்.

பராமரிப்பு எளிது. ஈரத்துணியால் துடைப்பது, ஆண்டுக்குச் சில முறை கார்த் தோலுக்கான மென்மையான திரவத்தால் சுத்தம் செய்வது போதும். சிலிக்கான் கலந்த பளபளப்புத் தெளிப்பான்களைத் தொடாதீர்கள். மழையில் நனைந்தால் கூரையை விரித்து நிழலில் காயவிடுங்கள். ஹீட்டர் முன் காயவைத்தால் தோல் விறைக்கும். இங்கிலாந்தின் ஈரமான கராஜில் குளிர்கால மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே காற்றுப் புகும் துணி உறையைப் போட்டு, கண்ணாடிகளைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது: ஓட்டுநர் இருக்கையை மட்டும் கழற்றி, கீழே உள்ள மரச்சட்டங்களையும் நான்கு நட்டுகளையும் பார்த்து, தரையைக் கூர்மையான திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கவில்லை என்றால் உறைக்கு ஆர்டர் கொடுக்கலாம். இறங்கினால், உறைக்கு வைத்த பணத்தை வெல்டருக்குக் கொடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பயணியர் இருக்கையைப் பிறகு கழற்றும்போது, மாதிரி தேவைப்படும்வரை பிரிக்காமல், காய்ந்த அறையில் துணி போர்த்தி வையுங்கள்.